ஸ்கூட்டிக்குச் சூடு பூட்டிய கதை

திருகோணமலையில் குளிர்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்களும் சிரிப்பார்கள். சிரிக்கிற எல்லோரையும் மார்கழி மாதத்து விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மழைக்குள், ஒரு ஸ்கூட்டியில் ஏற்றிக் கிண்ணியாப் பாலத்தின் நடுவில் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் காற்று. அதற்குப் பிறகும் சிரிக்க முடிந்தால் சிரிக்கட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வருவது என் வேலை. நடக்க முடியாதவர்கள், படுக்கையோடு கிடப்பவர்கள், வரிசையில் நிற்கத் தெம்பில்லாதவர்கள் நிலையத்துக்குப் போன் பண்ணுவார்கள். அடுத்த நாள் அவர்களுடைய வாசலில் நான் நிற்பேன். வெறும் வயிற்றோடு இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். சில நாள் டவுனுக்குள்ளேயே முடிந்துவிடும். சில நாள் சீனன்குடா, தம்பலகாமம், கிண்ணியா என்று ஒரு பெரிய சுற்று.

நல்ல நரம்பு கண்ணுக்குத் தெரியும். அதை யாரும் குத்தலாம். வயதானவர்களின் நரம்பைக் கண்ணால் தேடிப் பிரயோசனம் இல்லை, விரலால்தான் தேட வேண்டும். முழங்கை மடிப்பில் இடது கைச் சுட்டுவிரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்தால் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று திருப்பி உந்தும். அந்த உந்தல் கிடைத்துவிட்டால் மிச்சம் சுகம். கையுறை போடும் முன்பே வெறும் விரலால் தேடி இடத்தைப் பிடித்துவிடுவது என் பழக்கம். "அந்த மிஸ் வந்தா ஒரே குத்துத்தான்" என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. அப்படிப் பெயர் எடுத்தவளுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? எனக்கு நன்றாகவே வந்திருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கலியாணம் கட்டவில்லை. அம்மா போன பிறகு உப்புவெளி வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரு மனிதருடைய தோல் என் கையில் படுவது இந்த வேலையில் மட்டும்தான். சனிக்கிழமை மத்தியானம் கடைசி வீட்டை முடித்துக்கொண்டு வந்தேன் என்றால், திங்கட்கிழமை விடியும்வரை என்னை யாரும் தொடப் போவதில்லை. கடையில் பாண் வாங்கும்போது தவறி விரல் பட்டால் உண்டு. இதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் திங்கட்கிழமை முதல் வீட்டில் ஒரு கையை எடுத்து என் மடியில் வைக்கும்போது, மூச்சு முட்டிக் கிடந்தவள் ஜன்னலைத் திறந்ததுபோல எனக்கு இருக்கும். அவர்கள் ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள். நல்லகாலம், என் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில்தான் விரல்கள் வெளுக்கத் தொடங்கின. முதலில் நுனி, பிறகு நடுவரை. மெழுகுதிரி நிறத்தில் செத்துப்போய் நிற்கும். அரை மணித்தியாலம் போனால் நீலமாகி, சிவந்து, ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு உயிர் வரும். டொக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குளிருக்கு இரத்தக் குழாய் சுருங்குது. ஆபத்தான வருத்தம் இல்லை. ஆனா இது குளிர் நாட்டுக்காரருக்குக் கூடுதலா வாற வருத்தம். உங்களுக்கு எப்பிடி வந்தது?"

"எனக்கெப்பிடித் தெரியும் டொக்டர்? தபாலில வந்திருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையை எப்போதும் சூடாக வைத்திருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் வருடம் ஒருமாதிரிச் சமாளித்தேன். போன வருடம் கார்த்திகையில் தம்பலகாமத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே ஓர் ஐயா இருக்கிறார். ஒரு காலத்தில் உழவு மெஷின் ஓட்டியவர், இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அன்றைக்கு டவுனில் இருந்து முழுத் தூரமும் மழை. அவருடைய கையைப் பிடித்து விரலை வைத்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் விரல் இருக்கிற இடமே எனக்குத் தெரியவில்லை. ஒரு குத்துக் குத்தினேன், இரத்தம் வரவில்லை. இரண்டாவது குத்தும் பிழைத்தது. மூன்றாவது குத்தில் நரம்பு உடைந்து தோலுக்குள்ளே கறுப்பாகப் பரவியது.

"பரவாயில்லைப் பிள்ளை, மற்றக் கையில பாருங்கோ" என்றார் ஐயா. பக்கத்தில் நின்ற மருமகள் அவருடைய கையை இழுத்து மூடிவிட்டார். "போதும் மிஸ். இவ்வளவு தூரம் வந்து மனுசனுக்கு வேதனை குடுத்ததுதான் மிச்சம்." அவர் சொன்னது நியாயம். இரத்தம் பிடிக்கிற குழாய்களை வெறுமையாகவே கொண்டு திரும்பி வந்தேன். பதினெட்டு வருடத்தில் வெறும் குழாயோடு வந்தது அன்றைக்குத்தான்.

நான் நிலையத்துக்கு வந்து சேரும் முன்பே மருமகளின் போன் வந்துவிட்டது. நிலையத்தை நடத்துகிறவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நல்ல பெண். அதுதான் கஷ்டம், கெட்டவர் என்றால் சண்டை பிடித்துவிட்டுப் போயிருப்பேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். "இன்னும் எவ்வளவு காலத்துக்கு மழைக்குள்ள ஓடப் போறியள்? தை பிறந்தாப் பிறகு கவுண்டரில இருங்கோ. வெளிவேலைக்குப் புது ஆளைப் பாக்கிறன்."

"கவுண்டரில இருந்து என்ன செய்யிறது?"

"ரிப்போட் குடுக்கிறது, போன் எடுக்கிறது. நனையத் தேவையில்லை. உங்களுக்கும் சுகம்தானே."

எங்கள் கவுண்டருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. தொற்றுக் காலத்தில் பூட்டியது, பிறகு யாரும் கழற்றவில்லை. அடியில் ஒரு கடித உறை போகிற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ளால் நான் ரிப்போட்டைத் தள்ளுவேன், அவர்கள் அந்தப் பக்கம் இழுப்பார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அவ்வளவுதான்.

"தை மட்டும் பொறுங்கோ" என்றேன். "அதுக்குள்ள என்ர கையைச் சரியாக்கிக் காட்டுறன். ஏலாமப் போனா நீங்கள் சொல்ற கதிரையில வந்து இருக்கிறன்."

அவர் என் விரல்களைப் பார்த்தார். இன்னும் நீலம் போகவில்லை. "சரி அக்கா" என்றார், நம்பாமல்.

அதற்குப் பிறகு நான் செய்யாத கூத்து இல்லை. கம்பளிக் கையுறை வாங்கினேன். மழையில் ஊறி, பிழியாத துணி மாதிரிக் கையில் தொங்கியது. தோல் கையுறை வாங்கினேன், அது ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடித்துக் கருவாட்டுக்குப் போட்டியாக மணத்தது. கடைசியில் இங்கே எல்லோரும் மழைக்குச் செய்கிற மாதிரி, கைக்கு மேலே ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் உள்ளே வரவில்லைதான். பிரேக் வழுக்கியது. கடற்கரை வீதியில், டவுனுக்குள் அலைகிற புள்ளிமான்களில் ஒன்று குறுக்கே வந்தபோது நான் நிற்கவில்லை, அதுதான் நின்றது. மானுக்கு இருக்கிற புத்தியாவது எனக்கு இருக்க வேண்டும் என்று பையை அவிழ்த்து எறிந்துவிட்டேன்.

தம்பி சுவிஸில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். சாப்பாடு, மழை, சொந்தக்காரர்களின் சாவு வீடுகள், இந்த மூன்றோடு கதை முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றும் முடிந்ததும் போனை வைக்க மனம் வராமல் என் விரல் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தான்.

"அக்கா, திருகோணமலையில கை விறைக்குதெண்டு சொன்னா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

"நம்பாட்டிப் போகட்டும். உனக்குச் சொன்னது பிழை."

பிறகு சொன்னான்: "நான் விடியக் காலமை பேக்கரி வேலைக்குப் போற ஸ்கூட்டருக்குக் கைபிடிச் சூடு பூட்டியிருக்கிறன். கைபிடிக்குள்ள கம்பி ஓடுது. சுவிச்சைப் போட்டா இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சூடாகும். சினோவுக்குள்ளயும் கை விறைக்காது. அனுப்பிவிடுறன்." அங்கே இருக்கிற எங்கள் ஆட்கள் பனியைச் சினோ என்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து, விடுமுறைக்கு வந்த ஒரு தெரிந்தவரின் பெட்டிக்குள் பார்சல் வந்தது. சொக்லேட், ஒரு வலி நிவாரணித் தைலம், கறுப்பு றப்பர் கைபிடிகள் இரண்டு. கைபிடிகளில் இருந்து எலி வால் மாதிரி வயர்கள் தொங்கின. கூடவே ஜெர்மன் மொழியில் ஒரு தாள். அதில் படங்கள் இருந்தது புண்ணியம். ஒரு படத்தில் ஒருவன் பனிக்குள் ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டு ஓடினான்.

கண்டி வீதியில் ஒரு முஸ்லிம் அண்ணனின் கராஜ் இருக்கிறது, நானா என்றுதான் கூப்பிடுவேன். என் ஸ்கூட்டி அந்தக் கையை விட்டு வேறு கைக்குப் போனதில்லை. அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. ஆனால் ஊசி என்றால் பயம் என்பதால் இதுவரை என்னிடம் கையை நீட்டியதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எண்ணெய்க் கையைச் சீலையில் துடைத்தார்.

"மிஸ், நுவரெலியாக் குளிருக்கு மாற்றல் கிடைச்சிட்டா?"

"இல்லை நானா. இங்க ஓடத்தான்."

"இங்க கைபிடிக்கு ஐஸ் வைக்கச் சொல்லி ஆக்கள் கேட்டா விளங்கும். நீங்க நெருப்பு வைக்கச் சொல்றீங்க." பக்கத்தில் சில்லு மாற்றக் காத்திருந்த ஆட்டோக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் கையை நீட்டினேன். அன்று காலை பெய்த மழையில் நான்கு விரல்களும் இன்னும் வெள்ளையாக நின்றன. நானா குனிந்து பார்த்தார். சிரிப்பு அடங்கியது. "இரிங்க மிஸ்" என்று ஸ்டூலைத் தள்ளினார். அதற்குப் பிறகு பகடி இல்லை.

பழைய றப்பரை பிளேட்டால் கீறி உரித்தார். இடது பக்கம் சுலபமாக ஏறியது. வலது பக்கம் எக்சலேட்டர் முறுக்குகிற பக்கம். அதன் பிளாஸ்டிக் குழாயில் மேடு மேடாக இருந்தது. அரத்தால் தேய்த்துத் தேய்த்து அந்த மேடுகளை அழித்து, பசை பூசி, கைபிடியைத் திருகி ஏற்றினார். முன் மூடியைக் கழற்றி வயரை உள்ளே விட்டார். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயர் எது என்று பல்பை வைத்துத் தேடினார். நேரே பெட்டரியில் கொடுத்தால், மறந்து விட்டுவிட்டுப் போகும்போது பெட்டரி செத்துவிடும் என்றார். படத்தில் இருந்ததும் அதுதான். ஜெர்மன் தெரியாத நானாவும் ஜெர்மன்காரனும் ஒரே முடிவுக்கு வந்ததில் எனக்கு நம்பிக்கை வந்தது.

எல்லாம் பூட்டி முடிந்து ஸ்டார்ட் பண்ணினார். சுவிச்சில் மூன்று பச்சை வெளிச்சம், சூட்டின் ஒவ்வோர் அளவுக்கும் ஒன்று. நான் ஹான்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பிப் பார்த்தேன். யாரும் தொடாமலே ஸ்கூட்டி உறுமியது. வலது கைபிடியின் வயர் இழுபட்டு எக்சலேட்டரை முறுக்கிவிட்டது. அதோடு நான் வளைவில் திரும்பியிருந்தால் நேரே கடைக்குள் போயிருப்பேன். நானா தலையில் கை வைத்தார். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, வயருக்கு ஒரு சாண் தளர்வு விட்டுப் பூட்டினார். மத்தியானம் இரண்டு மணியாகிவிட்டது. வெயில் எறித்தது. அந்த வெயிலுக்குள் கைபிடிகளைச் சூடாக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளங்கை வியர்த்து ஒழுகியது. வழியில் ஒரு விசரியைப்போலச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை மழை. மூன்றாவது வெளிச்சத்தில் சூட்டை வைத்துக்கொண்டு சீனன்குடாவுக்கு ஓடினேன். உள்ளங்கை சுகமாக இருந்தது. சின்னவிரல், மோதிரவிரல், பெருவிரல் எல்லாம் நல்ல சூடு. முதல் வீட்டில் போய்ப் படுக்கையில் இருந்த அம்மாவின் கையை எடுத்து இடது சுட்டுவிரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. விரலைத் தூக்கிப் பார்த்தேன். சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும் வெள்ளை.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. இந்த ஊரில் யார் ஸ்கூட்டி ஓடினாலும் இரண்டு விரல் எப்போதும் பிரேக்கில்தான் இருக்கும். ஓடப் பழகும்போதே அப்படித்தான் பழகுகிறோம். மழை நாளில் மாடுகள் நடுத் தெருவில் படுத்திருக்கும். நாய் வரும், மான் வரும், சைட் லைட் இல்லாமல் உழவு மெஷின் வரும். தம்பலகாமத்துப் பக்கம் என்றால் யானையும் வரும். விரலைப் பிரேக்கில் இருந்து எடுத்து உள்ளே மடித்துக்கொண்டு ஓடுவதற்கு இது சுவிஸ் இல்லை. அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு ஓடியவன் கைபிடிகளைப் பத்து விரலாலும் பொத்திப் பிடித்திருந்தான். எனக்கு எந்த விரல் வேண்டுமோ அந்த விரல் மட்டும் இரும்புப் பிரேக்கில் காற்றுக்கும் மழைக்கும் நீட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வேலைக்கு உதவாத விரல்களையெல்லாம் நான் சுடச்சுடக் கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் குசினியில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, கையை அதற்குள் வைத்துக்கொண்டு நின்றேன். ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. தம்பி மேல், நானா மேல், ஜெர்மன்காரன் மேல், எல்லார் மேலும் ஆத்திரம்.

அடுத்த இரண்டு நாள், விரல்களை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன். இரண்டாம் நாள் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகிற சந்தியில் ஒரு எருமை எழும்பியது. விரல் பிரேக்குக்குப் போய்ச் சேரும் முன் நான் வடிகாலுக்குள் இருந்தேன். அடி பலமில்லை. எடுத்த இரத்தத்தை வைக்கிற குளிர்ப்பெட்டியின் மூடி திறக்கவில்லை. ஸ்கூட்டிக்குக் கீழே கிடந்துகொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கதிரையை நினைத்தேன். அங்கே விழுந்தால் தூக்கிவிடவாவது ஆள் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும்தான் எழும்பினேன்.

முடிவில் வழி ஒன்று கண்டுபிடித்தேன். ஓடும்போது விரல்கள் பிரேக்கிலேயே இருக்கட்டும். வீட்டு வாசலுக்கு வந்ததும் எஞ்சினை நிற்பாட்டாமல், ஸ்கூட்டியில் இருந்தபடியே இரண்டு கைபிடிகளையும் பத்து விரலாலும் பொத்திப் பிடிப்பேன். ஐந்து நிமிடம். சில நாள் ஏழு. விரல்கள் வெள்ளையில் இருந்து நீலம், நீலத்தில் இருந்து சிவப்பு என்று வந்ததும் இறங்குவேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து நிமிடம் என்றால் நாலரைக்கே கிளம்ப வேண்டும், கிளம்பினேன். மூடின படலைக்கு முன்னால், மழைக்கோட்டோடு, ஓடாத ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பிளை இருட்டுக்குள் நிற்பதைப் பார்த்து நாய்கள்கூட முதலில் குழம்பின.

சனங்கள் சும்மா இருப்பார்களா? "மிஸ், இறங்க மறந்துபோச்சோ?" என்று கேட்டார்கள். சீனன்குடாவில் ஒரு வீட்டில், நான் ஊசி குத்துவதற்கு முன்னால் வாசலில் நின்று செபம் பண்ணுகிறேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். "அதுதான் அவவுக்கு ஒரே குத்தில வருது" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. பெயர் திரும்பி வருகிறபோது எந்த வழியால் வந்தால் என்ன?

மார்கழிக் கடைசியில் தம்பலகாமத்து ஐயா வீட்டுக்குப் போகிற முறை வந்தது. மருமகள் படலையைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஐயாவின் கையை மடியில் வைத்து விரலை வைத்தேன். உள்ளே, ஆழத்தில், மெல்லிசாக உந்தியது. அந்த உந்தலை நான் எவ்வளவு காலமாகத் தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரே குத்து. குழாய் நிறைந்தது. "இண்டைக்கு எறும்பு கடிச்ச மாதிரியும் இல்லைப் பிள்ளை" என்றார் ஐயா. மருமகள் தேத்தண்ணி போடப் போனார்.

தை பிறந்தது. நிலையத்தில் கதிரைப் பேச்சு எழவில்லை. "அக்கா, நீங்கள் ஆள் லேசுப்பட்டவர் இல்லை" என்று மட்டும் சொன்னார் நிலையத்தை நடத்துகிறவர். நான் வென்றுவிட்டேன். வென்ற கதையை ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குச் சொன்னேன். "நான் சொன்னனான்தானே" என்றான்.

இதோடு கதையை முடித்தால் எனக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டைப் பற்றி நான் இதுவரை வாய் திறக்கவில்லை.

அது கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால், குறிஞ்சாக்கேணியில் இருக்கிறது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். இதய வருத்தத்துக்கு, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறவர் என்பதால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில், முதல்முறை அவருடைய முழங்கையில் என் விரல் பட்டதும் துள்ளிப் போனார்.

"யா அல்லாஹ், என்ன தங்கச்சி, மீன் ஐஸுக்குள்ள கைய வெச்சிட்டா வந்தீங்க? கொண்டாங்க இங்க."

என் இரண்டு கையையும் பிடித்து, தன்னுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்து, தேங்காய் துருவுகிற வேகத்தில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே மகனைத் திட்டினார், மீன் விலையைத் திட்டினார், மழையைத் திட்டினார். பிறகு முந்தானையால் சுற்றி, தன் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டார். விரல் சிவந்த பிறகுதான் கையை நீட்டினார். அன்றில் இருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஊசி குத்த ஒரு நிமிடம், கை தேய்க்கப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். நான் மற்றவர்களைத் தொட்டுத்தான் பழக்கம். என்னை ஒருவர் பிடித்து வைத்திருந்தது, அம்மாவுக்குப் பிறகு, அங்கேதான்.

கைபிடிச் சூடு பூட்டிய பிறகு முதல்முறை போனபோது வாசலில் வழக்கம்போல ஐந்து நிமிடம் பொத்திப் பிடித்துவிட்டு உள்ளே போனேன். ராத்தா என் கையைப் பிடித்தார். பிடித்துப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சூடா இரிக்கே. எப்பிடி?" என்றார். மெஷின் பூட்டிய கதையைச் சொன்னேன். சந்தோசப்பட்டார். என் கையை விட்டுவிட்டுத் தன் கையை நீட்டினார். நான் குத்தினேன். மூன்று நிமிடத்தில் வாசலில் நின்றேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் ஸ்கூட்டியை ஓரம் கட்டினேன். அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில், கையைத் தேய்த்துவிட ஆளில்லை என்று பாலத்தில் நின்று அழுகிறவளை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. கைபிடிகள் சூடாகத்தான் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன்.

இரண்டு கிழமை கழித்துக் குறிஞ்சாக்கேணிக்குப் போகும்போது, பாலம் தொடங்குகிற இடத்திலேயே சுவிச்சை நிற்பாட்டினேன். மழை முகத்தில் அடித்தது. நரம்பு கிடைக்காமல் போனால், மறுபடி வெறும் குழாயோடு போனால், அந்தக் கண்ணாடிக் கதிரை எனக்குத்தான் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். வாசலில் ஒரு நிமிடமும் நிற்காமல், விறைத்த கையோடு உள்ளே போனேன்.

ராத்தா தொட்டதும் முகத்தைச் சுளித்தார். "என்ன தங்கச்சி, அந்த மெஷின் பழுதாப் போச்சா?"

"ஓம் ராத்தா. பழுது."

"எந்தக் கராஜ்காரன் பூட்டினான்? வேல தெரியாத ஆளுட்டக் குடுத்திருக்கீங்க" என்று என் கைகளை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார். நானா பாவம், அந்த வயரைத் தேடி அரைப் பகல் குனிந்து நின்ற மனுசன். அவருக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டேன். இரண்டு முறையும் பாலத்தில் சுவிச்சை நிற்பாட்டினேன். இரண்டு முறையும் பொய் சொன்னேன். மெஷின் இன்னும் திருத்தவில்லையா என்று ராத்தா கேட்கிறார். சாமான் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது மாசி பிறக்கப் போகிறது. மழை குறைந்துவிட்டது. நேற்றுக் காலை சீனன்குடாவுக்குப் போகும்போது வெயில் எறித்தது, சூடு போடாமலே விரல்கள் சிவப்பாக இருந்தன. ஊரில் எல்லோரும் மழை விட்டது என்று சந்தோசமாக இருக்கிறார்கள். அடுத்த கிழமை குறிஞ்சாக்கேணிக்கு நான் சூடான கையோடுதான் போகப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.